ஒரே ஆட்டம், ஒரே கிண்ணம்: தோட்டத் திடலில் காற்பந்துப் போட்டி நடத்தும் முறை

எந்த லீக் பட்டியலிலும் பெயர் இல்லாத இரண்டு குழு. ஒரே ஓர் ஆட்டம். வென்றவர் கையில் கிண்ணம். தீபாவளிக்கு முந்திய வாரமோ, பள்ளி விடுமுறையோ, தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்த மறுவாரமோ, மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர், கூலிம் பக்கம் ஏதோ ஒரு திடலில் இப்படி ஓர் ஆட்டம் வைக்க யாராவது பேச்செடுத்துக்கொண்டுதான் இருப்பார்கள். பதினாறு குழுக்களைக் கூட்டி எழுவர் ஆட்டம் நடத்துவதைவிட இது சுலபம் என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். ஆள், செலவு, நேரம் எல்லாம் குறைவுதான். ஆனால் லீக்கில் ஒரு தவறு நடந்தால் அடுத்த வாரம் சரிக்கட்டலாம். இங்கே அடுத்த வாரம் கிடையாது. சண்டைக்கு இடமுள்ள ஒவ்வொரு விஷயமும் பந்து உருளுமுன் தாளில் தீர்ந்திருக்க வேண்டும். தாளில் தீராதவை இரண்டு: திடல், மழை. அவற்றுக்குக் கைவேலை வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகள் முட்டை வடிவப் பந்தில் ஆடும் அவர்கள் ஊர்க் காற்பந்திலும் பருவம் முடிந்ததும் ‘பவுல்’ என்ற பெயரில் இதே மாதிரி ஒற்றை ஆட்டங்கள் உண்டு. 12 ஆட்டங்களில் 6 வென்றாலே பொதுவாக ஒரு குழுவுக்குத் தகுதி வந்துவிடும். முதல் 25 இடங்களின் பட்டியலில் தலைகாட்டாத இரண்டு குழுக்கள் மோதும் பவுல்களும் நிறைய. அந்த ஆட்டத்தைப் பெரிதாக்குவது அந்த ஊர்தான். ஐடஹோ மாநிலத்து உருளைக்கிழங்கு பவுலில் வென்ற பயிற்சியாளர் தலையில் உருளைக்கிழங்கு வறுவலை அப்படியே கொட்டுவார்கள். நம் பக்கம் எதைக் கொட்டுவது என்பதை ஏற்பாட்டுக் குழு பார்த்துக்கொள்ளட்டும்; எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை மட்டும் வேண்டாம்.

நாளும் நேரமும்

கெடா, கிளந்தான், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி. மற்ற மாநிலங்களில் சனி, ஞாயிறு. ஜோகூரும் 2025 ஜனவரி முதல் அந்தக் கணக்குக்குத் திரும்பிவிட்டது. கெடா குழு ஒன்று பேராக்குக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை ஆட வேண்டுமென்றால் பாதிப் பேர் வேலையிலோ பள்ளியிலோ இருப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும் இறங்கும். அந்த மாதங்களில் மாலை ஆட்டம் வைப்பது சூதாட்டம். காலை 8 மணிக்குத் தொடங்குங்கள். புல்லில் பனி ஈரம் இருக்கும், பந்து கொஞ்சம் வழுக்கும், அவ்வளவுதான். கூட்டம் குறையும் என்ற கவலை நியாயமானது. பாசாருக்குப் போய் வந்து, சமைத்து, குழந்தைகளைக் கிளப்பி வருவதற்குள் முதல் பாதி முடிந்திருக்கும். அதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

மாலைதான் என்றால் 4.45-க்கு மேல் தள்ளாதீர்கள். கணக்கு இதுதான்: பாதிக்கு 40 நிமிடம், இடைவேளை 10, பாதிக்கு ஒரு முறை இரண்டு நிமிடத் தண்ணீர் இடைவேளை, காயத்துக்குக் கூட்டும் நேரம் இரு பாதிக்கும் சேர்த்து நான்கு. ஆட்டம் 6.23-க்கு முடியும். பினால்டி வந்தால் 6.40. நவம்பரில் ஏழு மணி சுமாருக்கே சூரியன் மறையும். திடலின் மேற்கே செம்பனை நின்றால் அதற்கு அரைமணி முன்பே கோல் முகப்பில் நிழல் விழுந்து பந்து தெரியாது. இருட்டில் உதைக்கும் பினால்டியை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திடலுக்கு அனுமதி

தோட்டத்துக்குள் இருக்கும் திடல் கம்பெனிக்குச் சொந்தம். மேலாளருக்கு மூன்று வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) வாய்மொழியாகச் சொல்லி வைத்தது அனுமதி ஆகாது. தாமான் (வீடமைப்புப் பகுதி) திடல் என்றால் மாவட்ட மன்றத்திலோ நகராண்மைக் கழகத்திலோ பதிவு செய்யுங்கள். தமிழ்ப்பள்ளித் திடலுக்குத் தலைமையாசிரியர். எந்தத் திடலானாலும் காவல் நிலையத்துக்கு ஒரு தகவல் கடிதம் போகட்டும்; முத்திரை குத்திய நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். அதே நாளில் அதே இடத்தில் வேறு யாராவது கூடாரம் போட்டிருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

திடலைச் சீர் செய்வது

மூன்று வாரம் முன்பு முதல் முறை போய்ப் பாருங்கள். பார்க்க வேண்டியது கோல் முகப்பை. பல ஆண்டுகளாகக் கோல் கீப்பர்கள் மிதித்து மிதித்துக் கம்பங்களுக்கு நடுவே ஒரு குழி விழுந்திருக்கும். கம்பத்தின் அடியில் அளந்தால் உயரம் சரியாக 2.44 மீட்டர் காட்டும். நடுவில் அளந்தால் 2.55 வரும். அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 என்பது விதி. பதினோரு சென்டிமீட்டர் உயரம் கூடினால், நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று பெயர் வாங்கிய ஆர். ஆறுமுகத்துக்கே எட்டாத பந்துகள் சில உள்ளே போய்விடும். ஒரு பக்கக் கோலில் மட்டும் குழி இருந்தால் இன்னும் மோசம்.

குழி இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், பத்து சென்டிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தள்ளுவண்டியில் நான்கு நடை மண். வெறும் மணல் போட்டால் முதல் பத்து நிமிடத்தில் சிதறிவிடும். செம்மண் பாதி, மணல் பாதி கலந்து, ஐந்து சென்டிமீட்டர் போட்டுத் தண்ணீர் தெளித்துக் குத்தி இறுக்கி, மேலே இன்னொரு ஐந்து. மறுநாள் இறங்கியிருக்கும், மீண்டும் நிரப்புங்கள். பினால்டி புள்ளியிலும் இதே மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அதையும் மறக்காதீர்கள்.

நட்டு வைத்த இரும்புக் கம்பங்கள் அடியில் துருப்பிடித்திருக்கின்றனவா என்று கையால் உலுக்கிப் பாருங்கள். தூக்கி வைக்கும் கோல் என்றால் பின்சட்டத்தின் மேல் மணல் மூட்டைகள் போட்டு, முளையடித்துக் கட்டாமல் விடவே கூடாது. குழந்தைகள் குறுக்குக் கம்பத்தில் தொங்கும்போது அது முன்னால் சாய்ந்துவிடும்; உலகம் முழுக்க இதில் உயிர் போயிருக்கிறது. வலையைக் கம்பிக் கொக்கியில் மாட்டாதீர்கள், விரல் கிழியும். பிளாஸ்டிக் கட்டு நாடா போதும். வலையில் பந்து நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தால் அன்றைய தினமே அதில்தான் முடியும். பந்து உள்ளே புகுந்து வெளியே வந்ததா, பக்கவாட்டில் போனதா என்று இருபது பேர் இருபது விதமாகச் சொல்வார்கள். முந்தின நாள் ஒருவர் வலை முழுவதையும் கையால் தடவிப் பார்க்கட்டும்.

புல்லை நான்கு ஐந்து சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். மூன்று நாள் முன்பு ஒரு முறை, முந்தின நாள் ஒரு முறை. வெட்டிய புல்லை வாரி எடுக்காவிட்டால் மழை பட்டதும் கட்டிக்கொண்டு காலடியில் வழுக்கும். மாடு மேயும் திடல் என்றால் மாட்டுக்காரரிடம் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். சாணத்தை அள்ளிய பிறகும் அந்த இடம் வழுக்கும். குலை ஏற்றும் லோரியும் டிராக்டரும் திடலைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகின்றனவா என்று பாருங்கள். ஈரத்தில் பதிந்த சக்கரத் தடம் காய்ந்தால் கணுக்காலை முறிக்கும்.

கோடு போடுவது

காற்பந்து விதிப்படி நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90. தோட்டத் திடல்களில் பெரும்பாலும் 90-க்கு 55 அமைந்தால் போதும். அதைவிட இடம் இருந்தாலும் ஓரங்களில் மூன்று மீட்டர் விட்டே கோடு போடுங்கள். வடிகாலுக்குள் விழும் ஆட்டக்காரர் பாதி ஆட்டத்தில் கிளினிக்குக்குப் போவார்.

கையில் இருக்க வேண்டியவை: 50 மீட்டர் அளவு நாடா, நைலான் கயிறு ஒரு பெரிய உருண்டை, ஒரு முழ நீள முளைகள் 12, சுத்தியல், ஓர் உருளைத் தூரிகை, வெள்ளை எமல்ஷன் பெயின்ட். மூன்று பேர், நான்கு மணி நேரம்.

கோல் கோட்டை முதலில் இழுங்கள். மூலையில் செங்கோணம் எடுக்க 9, 12, 15 மீட்டர் முக்கோணம் போடுங்கள். நாடாவின் பூச்சியத்தையும் 36-ஐயும் ஒருவர் மூலையில் சேர்த்துப் பிடிக்கட்டும். இரண்டாமவர் 9-ஐப் பிடித்துக் கோல் கோட்டின்மேல் நிற்கட்டும். மூன்றாமவர் 24-ஐப் பிடித்து இறுக்கி இழுத்தால் அவர் நிற்கும் இடம் பக்கக் கோட்டில் விழும். சிலர் 3, 4, 5 என்று சின்ன முக்கோணம் போடுகிறார்கள். அதில் இரண்டு சென்டிமீட்டர் தவறினால் 90 மீட்டர் தள்ளி 45 சென்டிமீட்டர் கோணலாகும். பெரிய முக்கோணத்தில் அதே தவறு 15 சென்டிமீட்டரோடு நிற்கும். நான்கு மூலையும் ஊன்றியதும் குறுக்கே அளந்து பாருங்கள். 90-க்கு 55 என்றால் இரண்டு குறுக்களவும் 105.5 மீட்டர் வர வேண்டும். ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்தால் திடல் கோணலாகிவிட்டது என்று பொருள். கோடு போடுமுன் முளையை நகர்த்துங்கள்.

உள் அளவுகள்: ஒவ்வொரு கம்பத்தின் உள்விளிம்பிலிருந்தும் 5.5 மீட்டர் தள்ளி, உள்ளே 5.5 மீட்டர் போனால் கோல் கட்டம். 16.5 மீட்டர் தள்ளி, உள்ளே 16.5 போனால் பினால்டி கட்டம். அதன் மொத்த அகலம் 40.32 மீட்டர். இரு கம்பங்களின் நடுவிலிருந்து நேராக 11 மீட்டரில் பினால்டி புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து 9.15 மீட்டரில் கட்டத்துக்கு வெளியே வளைவு. நடுவட்டத்துக்கும் அதே 9.15. மூலை வளைவு ஒரு மீட்டர். மூலைக் கொடிக்கம்பம் ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது, முனை மழுங்கியிருக்கட்டும். வட்டம் போட நைலான் கயிற்றைப் பயன்படுத்தாதீர்கள், இழுக்க இழுக்க நீளும், தொடங்கிய இடத்தில் வந்து சேராது. நாடாவையே முளையில் மாட்டிச் சுற்றுங்கள். அகலம் 50 மீட்டருக்குக் கீழே போனால் பினால்டி கட்டம் பக்கக் கோட்டை முட்டுவது போல் தெரியும். அதற்காக ஒரு பக்கம் மட்டும் கட்டத்தைச் சுருக்குகிறவர்கள் உண்டு. சுருக்குவதானால் இரு பக்கமும் ஒரே அளவு, அதையும் தாளில் எழுதுங்கள்.

மொத்தக் கோடு ஏறக்குறைய 650 மீட்டர் வரும். பத்து சென்டிமீட்டர் அகலம் என்றால் 65 சதுர மீட்டர். 7 லிட்டர் டின் எமல்ஷனில் அதே அளவு தண்ணீர் கலந்தால் 14 லிட்டர். அதில் ஒரு முறை ஓடிவிடலாம். இன்னொரு டின் கைவசம் இருக்கட்டும். காயுமுன் மழை வந்தால் பாதி கரைந்துவிடும், காலையில் மேல்பூச்சு வேண்டும். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது.

சுண்ணாம்புத் தூள் மலிவு என்று போவார்கள். நீற்றாத சுண்ணாம்பு ஈரம் பட்டதும் சூடேறித் தோலைச் சுடும். நீற்றியதும் கண்ணில் விழுந்தால் ஆபத்து. சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கும் ஆட்டத்தில் முகமும் முழங்காலும் கோட்டில்தான் உரசும். அதைவிட மோசமான பழக்கம் ஒன்று தோட்டங்களில் இருக்கிறது: கோட்டின்மேல் களைக்கொல்லி அடித்துப் புல்லைக் கருக்கி விடுவது. கோடு மாதக்கணக்கில் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த மண் கோல் கீப்பரின் வாயிலும் கண்ணிலும் போகும். பாராகுவாட்டை மலேசியா 2020 ஜனவரி முதல் நாளே தடை செய்துவிட்டது. பழைய கையிருப்பு எதையும் திடலுக்குள் கொண்டுவராதீர்கள். மருந்தடித்த பம்பைக் கழுவிவிட்டு அதில் பெயின்ட் ஊற்றி அடிப்பதும் வேண்டாம். மருந்து இருந்த தோங்கில் (பீப்பாயில்) தண்ணீர் பிடித்து வைப்பது பற்றிச் சொல்லவே தேவையில்லை.

திடலைச் சுற்றி மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்ட 314 மீட்டர் ஆகும். ஐந்து மீட்டருக்கு ஒரு குச்சி என்றால் 63. நீளப் பக்கங்களை மட்டும் கட்டினாலும் பரவாயில்லை. கூட்டம் கோட்டில் ஏறி நிற்க ஆரம்பித்தால் கோடு நடுவர் திடலுக்குள் ஓட வேண்டி வரும்.

எழுதி வைக்க வேண்டிய தாள்

ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு இரண்டு மேலாளர்களையும் இரண்டு கேப்டன்களையும் ஒரு மேசையில் உட்கார வையுங்கள். தேநீர்க் கடையாக இருந்தாலும் சரி. ஒரே பக்கம், மூன்று நகல், நான்கு கையெழுத்து.

முதல் தகராறு எப்போதும் வெளியாள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகளை விட்டு மக்கள் தாமானுக்கும் கிள்ளானுக்கும் ஜோகூருக்கும் போன பிறகு ‘எங்கள் தோட்டத்து ஆள்’ என்றால் யார் என்பதே கேள்வி. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருகிறவன் தோட்டத்து ஆளா? அவன் அப்பா அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அவன் படித்தது தோட்டத்துப் பள்ளியில். ஆள்தான் என்றே நாங்கள் சொல்வோம். ஆனால் அதை நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாவிட்டால் மாநிலக் குழுவில் ஆடும் ஒருவன், மச்சானுக்கு மச்சான் என்ற உறவில், 4.30-க்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பான். மறுபக்கம் ஆட மறுக்கும். கூட்டம் வந்துவிட்டது, நடுவருக்குப் பணம் கொடுத்தாயிற்று, யாரைச் சமாதானம் செய்வது?

தாளில் இருக்க வேண்டிய வாசகம் இந்த மாதிரி:

“ஒரு குழுவுக்கு 18 பெயர். பெயர், அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கம், சட்டை எண். பட்டியல் ஆட்டத்துக்கு ஏழு நாள் முன்பு மாலை 6 மணிக்குள். அதன் பிறகு பெயர் மாற்றம் இல்லை. காயம் என்றாலும் பட்டியலில் உள்ள 18 பேருக்குள்ளேயே மாற்றம். தோட்டத்தில் பிறந்தவர், அங்கே வசிப்பவர், தோட்டத்துப் பள்ளியில் படித்தவர், பெற்றோர் அங்கே வேலை செய்தவர் ஆகியோர் தோட்டத்து ஆள். மற்றவர் அதிகபட்சம் மூன்று பேர். நடப்பு ஆண்டில் மாநில அல்லது தேசிய லீக்கில் பதிவான ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. மாற்று ஆட்டக்காரர் ஏழு பேர். வெளியேறியவர் திரும்ப வர முடியாது. 80 நிமிட முடிவில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் இல்லை, நேராகப் பினால்டி. மழையாலோ இடியாலோ ஆட்டம் நின்று 6 மணிக்குள் தொடர முடியாவிட்டால்: 60 நிமிடம் கடந்திருந்தால் அப்போதைய கோல் கணக்கே முடிவு, கடக்காவிட்டால் கிண்ணம் ஏற்பாட்டுக் குழுவிடம் இருக்கும், புதிய தேதியில் முதலிலிருந்து ஆட்டம். நடுவரின் முடிவே இறுதி.”

மூன்று, ஏழு, அறுபது என்பவை உங்கள் வசதிக்கு மாறலாம். 60 நிமிடம் என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரு கோல் முன்னிலையில் இருக்கும் குழு வானத்தைப் பார்த்துக்கொண்டே கோல் உதையைத் தாமதப்படுத்தும். அந்த வரி இருந்தால் எவ்வளவு நேரம் வரை ஆடியாக வேண்டும் என்பது இரு பக்கத்துக்கும் தெரியும்.

சட்டை நிறத்தையும் அன்றே கேளுங்கள். இரண்டும் மஞ்சள் என்று ஆட்ட நாளில் தெரிய வந்தால், ஒரு பக்கம் கையில்லாப் பயிற்சி மேலாடையைச் சட்டைக்கு மேலே மாட்டிக்கொண்டு வேர்த்துச் சாகும். கோல் கீப்பர் இருவர் நிறமும் மற்றவர்களோடு சேரக் கூடாது.

நடுவர்

மாவட்டக் காற்பந்துச் சங்கத்தின் வழியாக மூன்று நடுவர் கேளுங்கள்: ஒருவர் விசில், இருவர் கோடு. இரு தோட்டத்திலும் சொந்தபந்தம் இல்லாதவர்களாக இருக்கட்டும். கட்டணத்தை முன்பே பேசி, இரு குழுவும் பாதிப் பாதி போட்டு, ஆட்டத்துக்கு முன்பே உறையில் கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கொடுப்பதாக வைத்தால் தோற்ற பக்கம் தன் பங்கைத் தராது. கோடு நடுவருக்கு ஆள் கிடைக்காமல் குழுவுக்கு ஒருவரை நிறுத்தினால், பந்து வெளியே போனதை மட்டும் காட்டும் வேலையைக் கொடுங்கள். ஆஃப்சைடை விசில் நடுவரே பார்க்கட்டும்.

ஒலிபெருக்கியில் பேசுகிறவரைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். “அது ஃபவுல் இல்லையே!” என்று அவர் ஒருமுறை சொன்னால் போதும், திடலுக்குள் கூட்டம் இறங்கிவிடும்.

பந்து, தண்ணீர், காயம்

ஒரே மாதிரியான பந்து மூன்று வேண்டும். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம், காற்றழுத்தம் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ.; 10 அல்லது 11 வைத்தால் காலுக்கு இதமாக இருக்கும். வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறியிருக்கும், நிழலில் வைத்து அளந்து பாருங்கள். கோலுக்குப் பின்னால் செம்பனை இருந்தால் மூன்றும் போதாது; மட்டை முள் ஒன்று குத்தினால் பந்து முடிந்தது. பந்து பொறுக்கும் சிறுவர்களை அடுக்கி வைத்த மட்டைக் குவியலுக்குள் அனுப்பாதீர்கள். பாம்பு படுக்கும் இடம் அது. பூட்ஸ் போட்ட பெரியவர் ஒருவர் நீளக் கழியோடு அங்கே நிற்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். 36 ஆட்டக்காரர், நடுவர், உதவியாளர் எல்லாம் சேர்த்து 45 பேர்; 19 லிட்டர்க் குப்பி ஐந்து. ஐஸ் தனியாக இரண்டு பை, ஒன்று குடிக்க, ஒன்று காயத்துக்கு. காயத்துக்கு வைத்த ஐஸைச் சிரப்பில் போட்டுவிடுவது வழக்கம்; பையில் பெரிதாக எழுதி வைத்தாலும் போடுவார்கள், அதனால் ஒருவர் பொறுப்பில் விடுங்கள். சுளுக்குக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம். தோலில் நேரடியாக வைத்தால் தோல் கெடும். தைலம் போட்டு அழுத்தித் தேய்ப்பது அன்றைக்கு வேண்டாம், உள்ளே கசியும் ரத்தம் கூடி வீக்கம் அதிகமாகும்.

தலையோடு தலை மோதியவரைப் பற்றி ஒரே விதி: தடுமாற்றம், வாந்தி, பேச்சுக் குழறல், எந்தப் பாதி ஆடுகிறோம் என்ற குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது. “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்வது கணக்கில் வராது. மாவட்டத்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செம்பிறைச் சங்கத் தொண்டர்கள் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். 999-க்கு அழைக்கும்போது வழி சொல்லத் தெரிந்த ஒருவர் தேவை. தோட்டத்துக் கிளைச்சாலைகள் வெளியாருக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். அவரே சாலை முனைக்குப் போய் நிற்கட்டும்.

மழையும் மின்னலும்

வானிலைத் துறையின் மைச்சுவாச்சா செயலியில் மதியம் பாருங்கள், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு மறுபடி பாருங்கள். அதன் பிறகு உங்கள் காதுதான் கருவி. மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி 30 நொடிக்குள் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே திரும்புவது. இடையில் ஒரு முறை இடித்தாலும் முப்பதை முதலிலிருந்து எண்ணுங்கள். 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பண்டூங் நகரில் ஒரு நட்புமுறை ஆட்டத்தின் நடுவே மின்னல் தாக்கி ஓர் ஆட்டக்காரர் இறந்தார்.

எங்கே ஒதுங்குவது என்பதுதான் தோட்டத்தில் சிக்கல். இரும்புக் கால் கூடாரம், தகரக் கூரை மட்டும் போட்ட திறந்த கொட்டகை, செம்பனை நிழல், மூன்றும் கூடாது. ஒதுங்க ஏற்றவை பள்ளிக் கட்டடம், பாலாய் ராயா (பொது மண்டபம்), கண்ணாடி ஏற்றிய கார், வேன். கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆட்டக்காரர்களை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுப் பாட்டிகளைக் கூடாரத்தில் உட்கார வைக்காதீர்கள்.

மழை நின்றதும் ஐந்து இடத்தில் தோள் உயரத்திலிருந்து பந்தை விடுங்கள்: இரண்டு கோல் முகப்பு, இரண்டு பினால்டி புள்ளி, நடு. எழும்பினால் ஆடலாம். தொப்பென்று உட்கார்ந்தால் அந்த இடத்தில் கடப்பாரையால் பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சாண் இடைவெளியில் குத்திவிட்டு, தண்ணீர் இறங்கியதும் மணல் தூவுங்கள். துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளுவது சேற்றைப் பரப்பும். கல்லோ செங்கல் பொடியோ வேண்டவே வேண்டாம்.

பினால்டி வரை போனால்

எந்தக் கோலில் உதைப்பது, யார் முதலில் என்று நடுவர் நாணயம் சுண்டுவார். பக்கத்துக்கு ஐந்து, சமநிலை தொடர்ந்தால் ஒவ்வொன்றாக. ஆட்டம் முடிந்தபோது திடலில் இருந்தவர்கள் மட்டுமே உதைக்கலாம். பினால்டிக்காகவே ஒருவரைக் கடைசியில் வைத்திருந்து, உள்ளே இறக்க மறந்துபோகும் பயிற்சியாளர்கள் உண்டு. ஒரு குழு சிவப்பு அட்டையால் பத்துப் பேராகியிருந்தால் மறு குழுவும் ஒருவரை நீக்கிச் சமமாக்க வேண்டும். இந்த விதி பலருக்குத் தெரியாது, நடுவர் சொன்னதும் கூச்சல் கிளம்பும். முன்பே கேப்டன்களிடம் சொல்லிவைத்தால் கிளம்பாது. பந்தை உதைக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு காலின் ஏதேனும் ஒரு பகுதி கோட்டின்மேலோ கோட்டுக்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். உதைக்காதவர்கள் நடுவட்டத்தில் நிற்கட்டும். கூட்டம் கோலுக்குப் பின்னால் போய் நிற்பதை அப்போதே தடுக்காவிட்டால் பிறகு முடியாது.

பரிசும் மற்றதும்

ரொக்கப் பரிசை உயர்த்த உயர்த்த வெளியாள் தொல்லையும் உயரும். கிண்ணம், இரு குழுவுக்கும் ஜெர்சி, சிறந்த ஆட்டக்காரருக்கு அரிசி மூட்டை, இது போதும். கிண்ணத்தில் ஆண்டை மட்டும் முன்பே பொறியுங்கள். வென்ற குழுவின் பெயர்ப் பட்டையைப் பிறகு ஒட்டலாம். பேச்சாளர் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். திடலுக்குள் மது கிடையாது என்பதை அழைப்பிலேயே அச்சிடுங்கள், சம்சு உள்பட.

மறுநாள் காலை வலையை அவிழ்த்துக் காயவைத்து மடியுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் அடுத்த ஆண்டு இழை இற்றிருக்கும். கயிறு கட்டிய குச்சிகளை எண்ணி எடுங்கள். அளவுக்கு அடித்த முளைகளையும் எண்ணுங்கள். பன்னிரண்டு அடித்திருந்தால் பன்னிரண்டும் கைக்கு வர வேண்டும். புல்லுக்குள் ஒன்று மிஞ்சினால், அடுத்து புல் வெட்ட வருகிறவரின் மெஷின் கத்தியில்தான் அது கிடைக்கும்.